எந்தப் பேனாவுக்கு எந்த மை?

ஃபவுண்டன் பேனா வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் பேனாவைப் பற்றியே இருக்கும். லாமி பேனாவா பைலட் பேனாவா, மெல்லிய எஃப் நிப் போதுமா நடுத்தர எம் வேண்டுமா, தங்க நிப்புக்கு அவ்வளவு காசு கொடுப்பது தகுமா? மை கடைசியில்தான் வரும். பில் போடும்போது “அப்புறம் ஏதாவது ஒரு நீலம் கொடுங்க” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் புகார் ஆரம்பிக்கும். “இந்தப் பேனா ரொம்பக் கக்குது”, “முதல் எழுத்து விழவே மாட்டேங்குது”, “தாளில் பரவுது”. பெரும்பாலும் அந்தப் பேனாவைக் கழுவிக் காயவைத்து வேறு மை ஊற்றிக் கொடுத்தாலே சரியாகிவிடும். நிப்பைத் தொடவே வேண்டியிருக்காது.

கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்துப் பார்ப்பதற்காகப் பேனா சேர்ப்பவர்களுக்கு இது பொருட்டில்லை. எழுதுவதற்காகச் சேர்ப்பவர்களுக்குப் பேனா கைக்கு வரும் நாளில் பாதி வேலைதான் முடிகிறது. அதற்கு ஒத்துவரும் மையைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பேனா நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, பேனாவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஃபவுண்டன் பேனாவில் மையை வெளியே தள்ளுவதற்கு ஒன்றுமே கிடையாது. நிப்பின் நடுவில் ஓடும் கீறல், நுனியை நோக்கிப் போகப் போகக் குறுகும். குறுகலான இடத்துக்குத் திரவம் தானாகவே ஏறும். பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்தது இதுதான். நுனி தாளைத் தொட்டதும், தாளின் நார்களுக்கு இடையே உள்ள அதைவிட நுண்ணிய இடைவெளிகள் மையை இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் இந்தப் பேனாவில் அழுத்தி எழுதத் தேவையில்லை. ரொம்ப அழுத்தினால் கீறல் விரிந்து, இழுக்கும் பலம் போய், கோடு நடுவில் வெள்ளை விட்டு இரண்டாகப் பிரிந்துவிடும்.

வெளியே போன மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் மை நின்றுவிடும். தாராளமாகப் போனால் மை கொட்டும். இரண்டுக்கும் நடுவே சமன் பிடித்துக் கொடுப்பது நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் நாக்கு. நியூயார்க்கில் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியது இந்த நாக்குக்குத்தான். மை இறங்கும் தடத்தின் அடியில் மெல்லிய கீறல்கள் வெட்டி, மை இறங்கவும் காற்று ஏறவும் ஒரே இடத்தில் வழி செய்தார். பின்னால் வந்தவர்கள் நாக்கில் அடுக்கடுக்காக மெல்லிய பள்ளங்களை வெட்டினார்கள். தேவைக்கு மேல் இறங்கும் மை அங்கே தங்கிக்கொள்ளும், தாளில் கொட்டாது.

இவ்வளவு கணக்கும் ஒரு குறிப்பிட்ட மையை மனதில் வைத்துப் போட்டது. கீறல் எவ்வளவு அகலம், தடம் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் பேனா செய்பவர் தன் கையிலுள்ள மையை ஊற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். வாங்கியவர் வேறு மையை ஊற்றினால் கணக்கு மாறிவிடுகிறது.

சாதாரண மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரையும் சாயம், சீக்கிரம் உலராமல் இருக்கக் கிளிசரின் வகைப் பொருள், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து, பரப்பு இழுவிசையைக் குறைக்கச் சோப்புத் தன்மையுள்ள பொருள் கொஞ்சம். கடைசியில் சொன்னதுதான் பேனாவின் நடத்தையை மாற்றுவதில் முக்கியமானது. அது கூடுதலாக இருந்தால் மை சரளமாக ஓடும், கோடு அகலமாகும், மட்டமான தாளில் பரவும். குறைவாக இருந்தால் கோடு மெலியும், தாளில் கட்டுக்கோப்பாக நிற்கும், ஆனால் இறுக்கமான நிப்பில் விட்டுவிட்டு எழுதும். முதல் வகையை ஈர மை என்றும் இரண்டாவதை வறண்ட மை என்றும் பேனாக்காரர்கள் சொல்வார்கள்.

ஜெர்மனியின் பெலிக்கன் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பேனாக்கள் மையைத் தாராளமாக விடுபவை. அவர்களுடைய 4001 வரிசை மைகள் வறண்டவை என்று பெயர் பெற்றவை. இரண்டும் சேர்ந்தால் கோடு அளவாக வரும். ஜப்பானின் பைலட் நிறுவனத்தில் இது அப்படியே தலைகீழ். நிப்புகள் மெல்லியவை, 2007-இல் அவர்கள் கொண்டுவந்த இரோஷிசுகு மைகள் ஈரமானவை. அங்கேயும் பொருத்தம் சரியாக இருக்கிறது. பெலிக்கனில் இரோஷிசுகுவை ஊற்றிவிட்டு எஃப் நிப் எம் மாதிரி எழுதுகிறது என்று சொல்வதும், பைலட்டின் மெல்லிய நிப்பில் 4001-ஐ ஊற்றிவிட்டுக் கீறுகிறது என்று சொல்வதும் வழக்கமாகக் காதில் விழும் புகார்கள். இரண்டு பேனாவின் மீதும் தப்பு இல்லை.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானியர்கள் நிப்பை அவ்வளவு மெல்லியதாகச் செய்வதற்குக் காரணம் அவர்களுடைய எழுத்து. ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அந்தத் தேவை இல்லாததால் அவர்களுடைய எஃப் நிப் ஜப்பானிய எம் அளவுக்கு வரும். தமிழ் எழுத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம் எழுத்தில் கோடு நெருக்கம் குறைவு, ஆனால் சுழி அதிகம். புதுப் பேனாவில் மை ஊற்றியதும் நான் எழுதிப் பார்க்கும் சொல் மண்ணெண்ணெய். நான்கு மூன்றுசுழி ண, இரண்டு கொம்பு, மூன்று புள்ளி. பேனாவுக்கும் மைக்கும் ஒத்துப்போனால் ஒவ்வொரு சுழிக்குள்ளும் வெள்ளை தெரியும். மை மிஞ்சினால் முதலில் அடைபடுவது கொம்பின் சுழிதான். அடுத்தது புள்ளி: அது தடித்துக் கீழே இறங்கி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி விற்கப்படும் எம் நிப்பை அந்த மாதிரியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். பொடியாக எழுதும் கையாக இருந்தால் ஐரோப்பிய எஃப் நிப்போடு வறண்ட மை, அல்லது ஜப்பானிய எம் நிப்போடு ஈர மை. தமிழுக்கு இந்த இரண்டும் நன்றாக உட்காருகின்றன.

பேனாவும் மையும் எவ்வளவு தூரம் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்குப் பார்க்கர் 51-இன் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சீக்கிரம் உலரும் மை வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பெரிய தேவை, ஒற்றுத்தாள் இல்லாமல் யாராலும் எழுத முடியவில்லை. பார்க்கர் 1931-இலேயே குவிங்க் மையைக் கொண்டுவந்தது. அதோடு நிற்காமல், கடுமையான காரத்தன்மை கொண்ட இன்னொரு மையையும் உருவாக்கினார்கள். தாளில் விழுந்ததும் உள்ளே ஊடுருவி உலர்ந்துவிடும். சிக்கல் என்னவென்றால், தாளில் சீக்கிரம் உலரும் மை திறந்திருக்கும் நிப்பிலும் சீக்கிரம் உலரும். காரம் பட்டால் அந்தக் காலத்துச் செல்லுலாய்டு பேனாவின் உடம்பும் கெடும். எனவே மைக்காகவே ஒரு பேனாவைச் செய்தார்கள். அமெரிக்காவில் 1941-இல் விற்பனைக்கு வந்த 51-இல் நிப்பின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும், மீதி முழுவதும் மூடிய கழுத்துக்குள் இருக்கும். உடம்புக்குக் காரத்தைத் தாங்கும் லூசைட் என்ற அக்ரிலிக். அந்த மையை 51 தவிர வேறு பேனாவில் ஊற்றாதீர்கள் என்று எச்சரித்தே விற்றார்கள்.

1947-இல் அதற்குப் பதிலாக சூப்பர்குரோம் வந்தது. நிறங்கள் அழகானவை. ஆனால் எந்தப் பேனாவுக்காக உருவானதோ அதன் உள் உறுப்புகளையே அது நாளடைவில் அரித்தது. சேகரிப்பவர்கள் கையில் இன்றும் பழைய சூப்பர்குரோம் பாட்டில்கள் உண்டு. அலமாரியில் வைக்கலாம், பேனாவில் ஊற்றக் கூடாது. மூடிய நிப் என்ற அமைப்பு மட்டும் மையைவிட அதிக காலம் வாழ்ந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே உலோக மூடியோடு சட்டைப் பையில் செருகித் திரிந்த சீனத்து ஹீரோ 616 அந்தச் சாயலில் வந்ததுதான். அதில் சாதாரண ராயல் ப்ளூ ஊற்றினால் நாட்கணக்கில் எழுதாமல் வைத்தாலும் எடுத்ததும் எழுதும். நிப் மூடியிருப்பதன் பலன் அது.

மைக்காகப் பேனா மாறியது அது முதல்முறையல்ல. தங்க நிப் வந்ததே மையின் கைங்கரியத்தால்தான். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதியது இரும்பு மையால். அதன் பொருள்கள் எல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து எழுதும்போது வெளிறிய நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்து, தாளின் நாரோடு பிணைந்துகொள்ளும். பிறகு தண்ணீரில் நனைத்தாலும் போகாது. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கென்றே இவ்வகை மை தயாரித்தார்கள். டயமைன் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார்ஸ் என்ற பெயரில் இன்றும் விற்கிறது.

இந்த மை பாட்டிலுக்குள்ளேயே கறுத்துப் படியாமல் இருக்க அமிலம் சேர்க்க வேண்டும். அமிலம் இரும்பு நிப்பைத் தின்னும், தங்கத்தைத் தொடாது. 14 காரட் தங்க நிப் அப்போது ஆடம்பரமாக மட்டும் இருக்கவில்லை, பேனா உழைக்க வேண்டுமென்றால் அதுதான் வழி. தங்கம் மெத்தென்று தேய்ந்துவிடும் என்பதால் நுனியில் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடினமான உலோகக் கலவையை ஒட்டினார்கள். இன்றைய மைகளில் பெரும்பாலானவை மிதமானவை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்பே பல காலம் தாங்கும். தங்க நிப்பில் இப்போது கிடைக்கும் கூடுதல் பலன் சற்று வளைந்து கொடுக்கும் சுகம்தான், அதுவும் எல்லா நிப்பிலும் கிடைக்காது. நாட்டு மருந்துக் கடைச் சரக்கை வாங்கி வீட்டில் மை காய்ச்சிப் பார்ப்பது அருமையான காரியம், செய்து பாருங்கள். ஆனால் தொட்டு எழுதும் நிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிசினும் துகளும் நாக்கின் தடங்களை அடைத்துவிட்டால் பேனாவை மீட்பது பெரும்பாடு. ஓவியர்களின் இந்தியன் இங்க்குக்கும் இதே தடை. அதிலுள்ள அரக்கு ஒருமுறை உலர்ந்தால் கரையவே கரையாது.

பதிவேட்டுத் தரத்தில் அழியாத மை வேண்டும் என்றால் பிளாட்டினம் ப்ளூ பிளாக் போல மிதமான இரும்பு மைகள் உண்டு. பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ போல மிகப் பொடியாக அரைத்த நிறமித் துகள்கள் கொண்ட மைகளும் உண்டு. இவை ஃபவுண்டன் பேனாவுக்கென்றே செய்தவை. எழுதிக்கொண்டே இருக்கும் பேனாவில் ஊற்றினால் பிரச்சினை இல்லை. ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுகிறவர்களுக்கு ஆகாது.

இந்தியப் பேனாக்களுக்கு வருவோம். உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் நம் நாட்டிலிருந்து தேடி வாங்குவது எபோனைட் பேனாக்களை. ரப்பரோடு கந்தகத்தை அதிக அளவில் சேர்த்துச் சூடாக்கினால் கெட்டியான, கடைசல் பிடிக்க ஏற்ற ஒரு பொருள் கிடைக்கும். பிளாஸ்டிக் வருவதற்கு முன் பேனா என்றாலே அதுதான். மற்ற நாடுகளில் பெரும்பாலும் கைவிடப்பட்ட இதை ராஜமுந்திரியின் ரத்தினம் பேனா, சென்னைப் பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா, திருவள்ளூரின் ரங்கா போன்றவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொரு பேனாவாக உருட்டி எடுக்கிறார்கள். ராஜமுந்திரியில் கே.வி. ரத்தினம் சுதேசிப் பேனா செய்து காந்திக்கு அனுப்ப, கடைத்தெருவில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாக இருக்கிறது என்று 1935-இல் அவர் கடிதம் எழுதினார். விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் ஒரு காலத்தில் காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் இணையாக நிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். குடிசைத் தொழிலாக நடந்த அந்த நிப் தயாரிப்பு, பால்பாயிண்ட் வந்தபின் படுத்துவிட்டது. இன்று நம் கைவினைப் பேனாக்களில் பலவற்றுக்கு நிப் ஜெர்மனியிலிருந்து வருகிறது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

எபோனைட்டுக்கு இரண்டு குணம் உண்டு. கையில் பிடித்தால் சில்லென்று இருக்காது, வியர்த்தாலும் வழுக்காது, மணிக்கணக்கில் எழுதுகிறவர்களுக்கு அதைவிட இதமான பொருள் இல்லை. அதில் செய்த நாக்கை மை நன்றாக ஈரப்படுத்தும், பிளாஸ்டிக் நாக்கைவிட மை சீராக இறங்கும். வெயில் மட்டும் பகை. ஜன்னல் ஓரத்தில் வைத்தால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். வெந்நீர் பட்டாலும் அப்படித்தான். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும்.

இவற்றில் பெரும்பாலானவை சொட்டுக்குழாயால் நேரடியாக உடம்புக்குள் மை ஊற்றும் பேனாக்கள். மை அடைத்து விற்கும் சின்னக் கார்ட்ரிஜில் ஒரு மில்லிலிட்டருக்குள் அடங்கும் மை, இங்கே மூன்று மில்லிலிட்டர்கூடப் பிடிக்கும். பரீட்சை எழுதியவர்களுக்கு அதன் அருமை தெரியும், அது சட்டையில் கக்கியதும் ஞாபகம் இருக்கும். கக்குவதற்கான காரணத்தைக் கணக்காகவே போடலாம். மூன்று மில்லிலிட்டரில் இரண்டு தீர்ந்து, அந்த இடத்தில் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் இருந்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தால் கைச் சூட்டில் அது 34 டிகிரிக்கு ஏறலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு விரியும். பத்து டிகிரிக்கு அந்த இரண்டு மில்லிலிட்டர் காற்று சுமார் 0.07 மில்லிலிட்டர் கூடும். ஒரு சொட்டு என்பது 0.05 மில்லிலிட்டர்தான். ஆக ஒரு சொட்டுக்கும் மேலான மைக்குப் பேனாவுக்குள் இடமில்லை. நாக்கின் பள்ளங்கள் தாங்கினால் தப்பித்தோம், இல்லாவிட்டால் தாளில் விழும்.

இந்த வகைப் பேனாவுக்கு எந்த மை என்பதற்கு இங்கேயே விடை இருக்கிறது. ஓடுவதற்கு அவசரப்படும் ஈர மையை அதில் ஊற்றினால், நாக்கின் பள்ளங்கள் பிடித்துவைக்க வேண்டியதைப் பிடித்துவைக்காது. அடக்கமான, வறண்ட பக்கம் சாய்ந்த மைதான் வேண்டும். பெலிக்கன் 4001 நன்றாகப் பொருந்தும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெங்களூரு பிரில், கேமல் ஆகியவற்றின் ராயல் ப்ளூவும் பொருந்தும். விலை உயர்ந்த ஜப்பானிய மையைவிட எபோனைட் பேனாவுக்குப் பெட்டிக்கடை மை நன்றாக ஒத்துப்போவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பேனாக்கள் வளர்ந்ததே அந்த மைகளோடுதான். கேமல் மையைச் செய்யும் கேம்லின் நிறுவனம் 1931-இல் மும்பையில் குதிரை மார்க் மைப் பொடியும் மாத்திரையுமாகத் தொடங்கியது. வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934-இல் சுதேசி மையாக சுலேகாவைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்து மீண்டும் வந்திருக்கும் சுலேகாவின் புது மைகளையும் வாய்ப்புக் கிடைத்தால் ஊற்றிப் பாருங்கள்.

மை பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிவிட்டால் உள்ளே காற்று குறைவாக இருக்கும், கக்குவதும் குறையும். கழுத்தின் மரையில் மெல்லிதாகச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் வேண்டாம், பேனாவில் எங்காவது ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கெடுத்துவிடும்.

நிறத்துக்காக மை வாங்குவதில் தவறே இல்லை, இந்தப் பொழுதுபோக்கின் சந்தோஷத்தில் பெரிய பங்கு அதுதான். அடர்ந்த நீலத்தின் ஓரத்தில் செம்புப் பளபளப்பு தெரியும் மைகள் உண்டு. சாயம் தாளுக்குள் போகாமல் மேலேயே படிந்து உலர்வதால் வரும் விளைவு அது. சாயம் மிக அடர்த்தியாக இருப்பதால் நிப்பின் மேலும் அப்படியே படியும், எழுதியதன் மேல் ஈரக்கை பட்டால் தீற்றிக்கொள்ளும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சில மைகள் மறுநாள்கூட விரலில் ஒட்டும். ஜே. எர்பான் நிறுவனத்தின் எமரால்டு ஆஃப் சிவோர் போல மினுக்கும் துகள் கலந்த மைகளுக்கு அகலமான நிப்பும், சுலபமாகக் கழற்றிக் கழுவக்கூடிய பேனாவும் வேண்டும். துகள் கரையாது, அடியில் படியும். ஒவ்வொரு முறையும் பாட்டிலையும் பேனாவையும் குலுக்கித்தான் எழுத வேண்டும். மூடிய நிப் உள்ள பேனாவில் இதை ஊற்றுவதைப் போலத் தவறு கிடையாது.

கண்ணாடி போலத் தெரியும் உடம்புள்ள பேனாக்களை வைத்திருப்பவர்கள் சிவப்பு, ஊதா, மிகப் பிரகாசமான நீலம் ஆகியவற்றில் கவனமாக இருக்க வேண்டும். நூட்லர்ஸின் பேஸ்டேட் ப்ளூ அவ்வளவு கொழுந்துவிடும் நீலம், அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அது தொட்ட பிளாஸ்டிக்கும் அதை மறக்காது. கார மை என்பதால் மற்ற மையோடு சேர்ந்தால் திரிந்து படிவு விழும். அதற்கென்று ஒரு மலிவான பேனாவை ஒதுக்கிவிடுவதுதான் வழி. பொதுவாகவே மை மாற்றும்போது பேனாவைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுவது இதற்காகத்தான். அமிலத்தன்மையுள்ள மையும் காரத்தன்மையுள்ள மையும் நாக்கின் தடத்தில் சந்தித்தால் சாயம் கட்டிபடும். இரண்டு நிறங்களைக் கலந்து பார்க்க ஆசைப்பட்டால் முதலில் கண்ணாடிக் குப்பியில் கலந்து சில நாள் வைத்துப் பாருங்கள்.

தாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். மை பரவுவதும் பின்பக்கம் தெரிவதும் தாளில் பசை பூசிய விதத்தைப் பொறுத்தவை. விலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கரூர் புகளூரில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் தயாரிக்கிறது. சக்கைத் தாளின் நார் குட்டையானது, நெருக்கமாக அமைந்து மேற்பரப்பை மழமழப்பாக்கும். அப்படிப்பட்ட தாளில் சாதாரண ராயல் ப்ளூ எவ்வளவு கட்டுக்கோப்பாக நிற்கிறது என்று பார்த்தால், வெளிநாட்டு நோட்டுக்குக் கொடுக்கும் காசை யோசிப்பீர்கள். மட்டமான தாளில்தான் எழுதியாக வேண்டும் என்ற நிலை இருந்தால் மெல்லிய நிப், வறண்ட மை. வேறு வழி இல்லை.

நம் வெயிலில் இன்னொன்றும் நடக்கிறது. மூடி சரியாக அடைக்காத பேனாவில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், சாயம் தங்கிவிடும். வாங்கிய நாளில் வான நீலமாக எழுதிய மை மூன்றாவது வாரம் கருநீலமாக எழுதுவதற்கு அதுதான் காரணம். பிளாட்டினம் நிறுவனம் 3776 வரிசையில் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த ஓர் உள்மூடியைச் சேர்த்தது, அதன் மலிவான ப்ரெப்பியிலும் காற்றுப் புகாத உள்மூடி உண்டு. எப்போதாவது மட்டும் எடுத்து எழுதும் சிவப்பு மைக்கு நான் பரிந்துரைப்பது ப்ரெப்பியைத்தான். ஒரே சமயத்தில் எத்தனை பேனாவில் மை ஊற்றி வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், வாரத்துக்கு ஒருமுறையாவது எதை எடுத்து எழுதுவீர்களோ அவற்றில் மட்டும். மற்றவற்றைக் கழுவி, துணியில் தலைகீழாக நிறுத்தி ஈரம் போனபின் பெட்டியில் வையுங்கள்.

பழைய ஸ்டேஷனரிக் கடைகளின் மேல் அலமாரியில் செல்பார்க், பழைய குவிங்க் பாட்டில்கள் இன்னும் அகப்படுகின்றன. கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் நேராகப் பேனாவில் ஊற்றாதீர்கள். மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். மருந்து நெடி இருந்தால் நல்லது, புழுக்க வாடை வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஒரு குச்சியை அடிவரை விட்டு மெதுவாக எடுங்கள். குச்சியில் நூல் நூலாகவோ ஆடை ஆடையாகவோ ஏதாவது ஒட்டி வந்தால் மையைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை ஒரு பேனாவுக்குள் போனால் அங்கிருந்து சொட்டுக்குழாய் வழியாக மற்ற பாட்டில்களுக்கும் போகும். சுத்தமாக இருந்தால், அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக எடுத்து, நாக்கைக் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு பேனாவில் ஊற்றி, முதலில் சில வாரம் அதில் எழுதிப் பாருங்கள்.